நோட்டை மூடுங்க

"எல்லாரும் நோட்டை மூடிட்டு, இதுவரை கேட்டதை ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்க."

இன்று எஃப்டிபி என்னும் ஆசிரியர் பயிற்சி வகுப்பில் பயிற்சியாளர் இப்படிச் சொன்னதும் ஹாலில் சத்தமே இல்லை. பக்கத்தில் இருந்த வேதியியல் பேராசிரியர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அப்புறம் மெல்ல நாலு வரி வந்தது.

அந்தத் திணறலில்தான் பாடம் மனதில் பதிகிறது.

2006இல் அமெரிக்காவில் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

நம் பிள்ளைகள் இன்டர்னல் தேர்வுக்கு முந்தைய இரவு நோட்ஸ் முழுக்க ஹைலைட்டர் அடிக்கிறார்கள். பாவம், எப்படிப் படிப்பது என்று நாம் எப்போது சொல்லிக்கொடுத்தோம்?

திங்கட்கிழமை முதல் என் வகுப்பில் கடைசி ஐந்து நிமிடம் வெள்ளைத்தாளுக்குத்தான். மதிப்பெண் கிடையாது.