முதல் ஓட்டத்துக்கு முன் ரிமோட் கார்

புது ரிமோட் காரை உடனே தரையில் விடக் கை பரபரத்தாலும், முதலில் அதைக் கவிழ்த்து ஒவ்வொரு திருகாக முடுக்கிப் பார்ப்பதே நல்லது. உலோகத்தில் இறங்கும் திருகுகளுக்கு மட்டும் நீல நிறத் திரெட்லாக் (அதிர்வில் திருகு தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக்கில் அது படக்கூடாது. மோட்டாரின் சிறிய பல்சக்கரத்துக்கும் பெரிய பல்சக்கரத்துக்கும் இடையே காகிதத் துண்டொன்றைச் செருகிச் சுழற்றும்போது, அது கிழியாமல் மடிப்புத் தடத்துடன் வெளிவந்தால் இடைவெளி சரியாக இருக்கிறது என்று பொருள். லித்தியம் பாலிமர் பேட்டரி என்றால், செல்லுக்கு 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறாதபடி சார்ஜரை அமைக்க வேண்டும் (கையேட்டில் பலரும் புரட்டிவிடும் பக்கம் இதுதான்). ரிமோட்டை இயக்கிய பிறகே காரை இயக்க வேண்டும். சக்கரங்கள் தரையில் படாதபடி காரைத் தூக்கி வைத்து, ஸ்டியரிங் நடுவில் நிற்கிறதா, ரிமோட்டை அணைத்தால் மோட்டாரும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் களத்தில் இறக்கலாம்.