வாடகையைக் கேட்பதற்கு முன் மீட்டரைப் பாருங்கள்

டெல்லிப் பல்கலைக்கழகத்தின் நார்த் கேம்பஸில் 2023 ஆகஸ்டில் முதுகலை வரலாறு சேர்ந்தேன். ஊர் விருதுநகர். விடுதி இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் ஏராளம். காத்திருப்போர் பட்டியலில் என் பெயர் அசையவே இல்லை. வெளியில் வீடு பார்த்தே தீர வேண்டும் என்றாகிவிட்டது. அதற்கு நான் பட்ட பாட்டையும் அதில் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன். அடுத்த ஆண்டு ரயில் ஏறப்போகும் யாருக்காவது, குறிப்பாகப் பெண் பிள்ளைகளுக்கும் அவர்களை அனுப்பப் பயப்படும் பெற்றோருக்கும், பயன்படட்டும்.

முதலில் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். மெட்ரோ மஞ்சள் தடத்தில் விஸ்வவித்யாலயா, ஜி.டி.பி. நகர் என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள். மாணவர்கள் குடியிருக்கும் பகுதிகள் இவற்றைச் சுற்றித்தான். கமலா நகர், ரூப் நகர், சக்தி நகர் பக்கம் கல்லூரிகளுக்கு நடந்தே போகலாம், கடைத்தெரு காலடியில், வாடகையும் அதற்கேற்ற உயரத்தில். ஜி.டி.பி. நகர் பக்கம் ஹட்சன் லேன், அவுட்ரம் லேன், விஜய் நகர். அதற்கும் அப்பால் முகர்ஜி நகர். அங்கே குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்கள்தான் அதிகம்.

வந்தவுடன் வீடு கிடைக்காது. எல்லோரும் முதலில் பிஜியில்தான், அதாவது பணம் கட்டித் தங்கும் 'பேயிங் கெஸ்ட்' இல்லத்தில்தான், இறங்குகிறார்கள். நானும் கமலா நகரில் ஒரு பெண்கள் பிஜியில் இறங்கினேன். இருவருக்கு ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, மாதம் 15,500 ரூபாய். ஒரே அறையைப் பிளைவுட் பலகையால் மறித்து இரண்டாக்கியிருந்தார்கள். எங்கள் பங்குக்கு வந்த பாதியில் ஜன்னல் இல்லை. அந்தப் பக்கத்துப் பெண் தொலைபேசியில் பேசினால் அவளுடைய அம்மா சொல்லும் பதில்கூடக் கேட்கும். இரவு ஒன்பதுக்குக் கேட்டைப் பூட்டுவார்கள். பிள்ளைகளின் பாதுகாப்புக்காக என்று சொன்னார்கள். உள்ளே தீப்பிடித்தால் அந்தப் பூட்டை யார் திறப்பது என்று நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த மதுரை அக்கா ஒருவர்தான் வழிகாட்டினார். தனியாக வீடு எடுத்தால் கட்டுப்படியாகாது, மூன்று பேராகச் சேர்ந்துகொள் என்றார். வகுப்பில் கோட்டயத்துப் பெண் ஒருத்தியும் மணிப்பூரிலிருந்து வந்த பெண் ஒருத்தியும் என்னைப் போலவே தேடிக்கொண்டிருந்தார்கள். கூட்டணி அமைந்தது. மாலை வகுப்பு முடிந்ததும் கிளம்பிவிடுவோம்.

தரகர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே 'ப்ராப்பர்ட்டி டீலர்' என்று பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். கட்டணம் அரை மாத வாடகையிலிருந்து ஒரு மாத வாடகை வரை, பேரத்தைப் பொறுத்தது. வீடு பிடித்திருக்கிறது என்று முகத்தில் தெரிந்தால் போதும், "இன்னொரு பார்ட்டி காத்திருக்கிறது, இப்போதே டோக்கன் போடுங்கள்" என்று நெருக்குவார்கள். டோக்கன் என்பது வீட்டைப் பிடித்துவைக்கும் சிறு தொகை. கொடுத்துவிட்டுப் பின்வாங்கினால் அது பெரும்பாலும் திரும்பாது. அக்காவின் கட்டளை: பகலில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை பார்க்காமல் கையை பர்ஸுக்குக் கொண்டுபோகாதே. இரவில் போனால்தான் தெருவிளக்கு எரிகிறதா, மெட்ரோவிலிருந்து நடந்து வரும் வழியில் ஆள் நடமாட்டம் இருக்கிறதா, கீழ்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் தெரியும்.

பல வீடுகள் எங்களுக்குக் கதவைச் சாத்தின. அசைவம் சமைப்பீர்களா என்ற கேள்வி முதல் நிமிடத்திலேயே வந்துவிடும். அதைவிட என்னைச் சுட்டது வேறொன்று. ஹட்சன் லேனில் ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். வீட்டுக்காரம்மா டீ கொடுத்தார். மணிப்பூர்த் தோழி அன்று வகுப்பு முடிந்து தாமதமாக வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மா என்னை உள்ளே அழைத்து, "நீங்கள் இரண்டு பேர் என்றால் தருகிறேன்" என்றார். காரணம் கேட்டேன். "அவர்கள் எல்லாம் அப்படித்தான்" என்பதற்கு மேல் அவரிடம் விளக்கம் இல்லை. அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து மணிப்பூர் எரிந்துகொண்டிருந்தது; அவளுடைய குடும்பம் முகாமில் இருந்தது. நாங்கள் மூவரும் எழுந்து வந்துவிட்டோம். வடகிழக்கு மாணவர்கள் விஜய் நகரில் நிறையப் பேர் ஏன் இருக்கிறார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஒருவருக்கு ஒருவர் சொல்லி, வாடகைக்குக் கொடுக்கச் சம்மதிக்கும் தெருக்களில் சேர்ந்து குடியிருக்கிறார்கள். எங்களுக்கும் கடைசியில் வீடு அங்கேதான், அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் மூலமாகத்தான் கிடைத்தது.

இனி மீட்டர். இதைத்தான் நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். டெல்லியில் வீட்டு மின்சாரத்துக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமே இல்லை. 201 முதல் 400 வரை பாதி மானியம், அதிகபட்சம் 800 ரூபாய். 2022 அக்டோபரிலிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் இந்த மானியம். நான் இருந்த காலம் முழுக்க நிலவரம் இதுதான். ஆனால் மாணவர்களில் எத்தனையோ பேருக்கு இது போய்ச் சேருவதில்லை. வீட்டுக்காரர் தன் பெயரில் ஒரு மீட்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடிக்கும் சப்-மீட்டர் மாட்டி, யூனிட்டுக்கு எட்டு, பத்து என்று தானே விலை வைத்து வசூலிக்கிறார். நாங்கள் பார்த்த ஒரு வீட்டில் வாடகை 24,000 ரூபாய். மற்ற வீடுகளைவிடக் குறைவு. மின்சாரம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய். மாதம் 180 யூனிட் ஓடினால் 1,800 ரூபாய். தனி மீட்டரும் மானியமும் உள்ள வீட்டில் அதே 180 யூனிட்டுக்குப் பைசா கிடையாது. கோடையில் கூலரும் ஏசியும் ஓடும்போது இந்த இடைவெளி என்னவாகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வாடகைக்கு இருப்பவர்கள் தங்கள் பெயரிலேயே ப்ரீபெய்ட் மீட்டர் வாங்கிக்கொள்ள டெல்லி அரசு 2019-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வாடகை ஒப்பந்தமோ ரசீதோ இருந்தால் போதும், வீட்டுக்காரரின் தடையில்லாச் சான்று வேண்டாம் என்றார்கள். எனக்குத் தெரிந்து மாணவர் யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டு அதே வீட்டில் குடியிருக்க யாருக்கும் துணிவு வருவதில்லை. ஆகவே வீடு பார்க்கும்போதே தீர்த்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும். மின் நிறுவனத்தின் பழைய பில் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மானியம் கழிக்கப்பட்டிருக்கிறதா, பில்லில் உள்ள மீட்டர் எண்ணும் அந்த மாடிக்கான மீட்டரின் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். பில் காட்டத் தயங்கும் வீட்டை நான் இரண்டாம் முறை போய்ப் பார்த்ததில்லை.

மீட்டரைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பணத்தைவிடப் பெரியது. நான் போவதற்கு முன், 2023 ஜூன் 15 அன்று, முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையக் கட்டடத்தில் தீப்பிடித்தது. மாணவர்கள் ஜன்னல் வழியாகக் கேபிள்களைப் பிடித்துக்கொண்டு இறங்கிய காட்சியை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். செப்டம்பர் 27 அன்று அதே பகுதியில் ஒரு பெண்கள் பிஜியில் தீ. 35 பேரை மீட்டார்கள். இரண்டு இடங்களிலும் தீ மின்மீட்டரில் தொடங்கியதாகத்தான் செய்தி. அந்தப் பழைய கட்டடங்களில் மீட்டர் பலகை எங்கே இருக்கும் தெரியுமா? மாடிப்படிக்குக் கீழே. இறங்கி ஓடுவதற்கு இருக்கும் ஒரே வழியில். அந்த செப்டம்பருக்குப் பிறகு நாங்கள் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் படிக்கட்டின் கீழ் நின்று அண்ணாந்து பார்ப்போம். ஒயர்கள் கொத்துக் கொத்தாகத் தொங்கினால் மேலே ஏறவே மாட்டோம். மொட்டை மாடிக்குப் போகும் கதவின் சாவி நம்மிடம் இருக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

நாங்கள் எடுத்தது விஜய் நகரில் இரண்டாம் மாடி. இரண்டு அறை, ஒரு கூடம், மூன்று பேருக்கு மாதம் 27,000. முன்பணம் ஒரு மாத வாடகை. பத்து மாத அட்வான்ஸைக் கேட்டுப் பழகிய சென்னைக்காரர்களுக்கு இது நம்ப முடியாத சலுகையாகத் தோன்றும். எங்களுக்கு மேலே இன்னொரு மாடி இருந்தது. அந்த வீடு ஆயிரம் ரூபாய் குறைவு. அக்கா வேண்டவே வேண்டாம் என்றார். 2024 மே 29 அன்று டெல்லியின் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானபோது அந்த ஆயிரம் ரூபாயின் அருமை தெரிந்தது. மேல்வீட்டுப் பெண்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் கூடத்துக்கு வந்துவிட்டார்கள். பகலில் குழாயைத் திறந்தால் தொட்டியிலிருந்து கொதிநீர்தான் வரும். இரவே வாளியில் பிடித்துவைத்துக் காலையில் குளிப்போம். அந்த மாதங்களில் 400 யூனிட்டைத் தாண்டியதால் மானியமும் போனது. அதை எங்கள் கணக்கில் முன்பே ஒதுக்கிவைத்திருந்தோம்.

ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் போடுவார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்கிறது. அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்ப்பதற்கே இந்தப் பதினொன்று. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் காப்பாற்றும் என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லியில் அந்தச் சட்டம் 1958-இல் வந்தது; 1988-இல் திருத்தியபோது மாத வாடகை 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வீடுகளை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். 3,500 ரூபாய்க்கு இன்று விஜய் நகரில் ஒரு கட்டில்கூடக் கிடைக்காது. மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு இரண்டு மாத வரம்பு வைக்கிறது. ஆனால் ஒரு மாநிலம் ஏற்றுச் சட்டமாக்கினால்தான் அங்கே அது செல்லும். ஆக, தாளில் என்ன எழுதிக் கையெழுத்திடுகிறோமோ அதுதான் நமக்கு அரண்.

தரகர் நீட்டும் அச்சடித்த படிவத்தில் வீட்டுக்காரரின் உரிமைகள் மட்டுமே இருக்கும். நாங்கள் அதை வாங்கி வந்து, உட்கார்ந்து, ஐந்து வரிகளைச் சேர்த்தோம். மின்கட்டணம் நிறுவனத்தின் பில்படி மட்டும். காலி செய்த ஏழு நாளுக்குள் முன்பணம் திருப்பித் தர வேண்டும். சாதாரணத் தேய்மானத்துக்கும் வெள்ளையடிப்புக்கும் பிடித்தம் கிடையாது. புதுப்பிக்கும்போது வாடகை உயர்வு ஐந்து சதவீதத்துக்கு மிகாது. வீட்டுக்காரர் முன்கூட்டிச் சொல்லாமல் உள்ளே வரக் கூடாது. கடைசி வரிக்குத்தான் அவர் முகம் சுளித்தார். "என் வீட்டுக்கு நான் வர உங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா?" என்றார். கோட்டயத்துத் தோழி பொறுமையாக, "அங்கிள், மூன்று பெண்கள் இருக்கும் வீடு. உங்கள் மகள் வெளியூரில் இப்படி இருந்தால் நீங்களும் இதைத்தானே எழுதச் சொல்வீர்கள்?" என்று கேட்டாள். கையெழுத்துப் போட்டார். பட்டேல் செஸ்ட் பக்கத்து நகலகத்தில் இ-ஸ்டாம்ப் தாளில் அச்செடுத்து, நோட்டரியிடம் முத்திரை வாங்கினோம்.

போலீஸ் சரிபார்ப்பு வீட்டுக்காரரின் பொறுப்பு. நடப்பில் படிவத்தை நம் கையில் கொடுத்துவிடுவார்கள். ஆதார் நகல், புகைப்படம், ஊர் முகவரியை இணைத்து, அவருடைய கையெழுத்தை வாங்கி அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை பதித்த நகலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இணையத்திலும் செய்யலாம்.

குடிபுகுந்த அன்றே, சாமான்களை இறக்குவதற்கு முன், சுவர், தரை, கீசர், ஃபேன், கழிப்பறைக் குழாய் எல்லாவற்றையும் வீட்டுக்காரரை உடன் வைத்துக்கொண்டே வீடியோ எடுத்தோம். ஈரம் கசிந்த சுவரருகே அவரே நின்று, "இது போன மழையில் வந்தது" என்று சொன்னதும் அதில் பதிவானது. பதினொரு மாதம் முடிந்ததும் தரகர் மறுபடி அரை மாதக் கட்டணம் கேட்டு வந்தார். புதுப்பித்தல் எங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் இடையில் என்று சொல்லி அனுப்பிவிட்டோம்.

2025 ஜூனில் காலி செய்தோம். எதிர்பார்த்தபடியே வெள்ளையடிக்க முன்பணத்தில் 8,000 ரூபாய் பிடிப்பேன் என்றார் வீட்டுக்காரர். ஈரச் சுவரையும் காட்டினார். நாங்கள் சண்டை போடவில்லை. வீடியோவையும் ஒப்பந்தத்தில் அந்த வரியையும் காட்டினோம். நீண்ட நேரம் பார்த்தார். சமையலறைக் குழாய் ஒன்று எங்கள் காலத்தில்தான் உடைந்தது. அதற்கு 600 ரூபாயும், அந்த மாத மின்கட்டணமும் கழித்துக்கொண்டு மீதியை அப்போதே யூபிஐ-யில் அனுப்பிவிட்டார்.

அந்த வீட்டில் இப்போது துறையின் ஜூனியர்கள் இருக்கிறார்கள். ஒருத்தி திண்டுக்கல், இருவர் நாகாலாந்து. எங்கள் ஒப்பந்தத்தையே எடுத்து, வரி ஒன்று கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள்: மொட்டை மாடிக் கதவின் சாவி ஒன்று குடியிருப்பவர்களிடம் இருக்க வேண்டும். நாங்கள் அதை வாய்வார்த்தையாக மட்டுமே வாங்கியிருந்தோம்.