அக்கரையிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு கடற்கரை நோட்டு

மன்னாரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்து மண்டபம், பாம்பன், இராமேசுவரம் பக்கம் குடியமர்பவர்களுக்கு இந்தக் கடல் தெரிந்த கடல்தான். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தலைமன்னார் முனையில் நின்றால் சூரியன் மேற்கே இந்தியப் பக்கக் கடலில் இறங்கும். தனுஷ்கோடி அரிச்சல்முனையில் நின்றால் இலங்கைப் பக்கக் கடலிலிருந்து ஏறும். இரண்டு முனைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான். ஆனாலும் வந்த முதல் வருடம் கரை பிடிபடாது. எந்தத் திசைக் காற்றுக்கு எந்தப் பக்கம் கொந்தளிக்கும், எந்த மாதம் எந்தப் பறவை வரும், எதைத் தொட்டால் வழக்கு வரும் என்பதெல்லாம் புதிதாகப் படிக்க வேண்டியவை. அதைப் படிக்க இயற்கைக் குறிப்பேடு நல்ல வழி. கண்ணால் பார்த்ததை, பார்த்த இடத்திலேயே, எழுத்தும் படமும் அளவுமாகப் பதிந்து வைக்கும் நோட்டு அது.

கொப்பி என்று கேட்டால் இங்கே கடைக்காரர் ஒரு கணம் யோசிப்பார். நோட்டு என்று கேளுங்கள். கோடு போடாத ஓவிய நோட்டு, ஏ5 அளவு, தாள் 140 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிட மெல்லிய தாள் வண்ணம் பட்டதும் அலை அலையாகச் சுருளும். எழுத எச்.பி., 2பி பென்சில்கள் போதும். ஜெல் பேனா இந்தக் கரைக்கு ஆகாது. உப்புக்காற்றில் தாள் எப்போதும் சற்று ஈரமாகவே இருப்பதால் மை பரவும், ஒரு துளி நீர் பட்டால் பக்கமே போய்விடும். தாளைப் பிடிக்க இரண்டு கிளிப்பு, 15 சென்டிமீட்டர் அளவுகோல், 3 மீட்டர் டேப், 12 நிறப் பெட்டி, ஆறாம் எண் தூரிகை ஒன்று, ஒரு சிறு போத்தல் நல்ல தண்ணீர். பைனாகுலர் வாங்க முடிந்தால் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 42 மில்லிமீட்டர்). முடியாவிட்டால் அது இல்லாமலே ஆறு மாதம் ஓட்டலாம். காலடியில் இருப்பதைப் பார்க்கவே அந்த ஆறு மாதம் பற்றாது.

நல்ல தண்ணீர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கடல்நீரில் தூரிகையை நனைத்து வரைந்தால் அப்போதைக்கு நன்றாகவே இருக்கும். காய்ந்தபின் தாளில் உப்பு தங்கிவிடும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் நிறம் முழுதாகக் காயாமல் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு தவறு, வெள்ளைத் தாளை நேர் வெயிலில் விரித்து வண்ணம் பூசுவது. அந்த வெளிச்சத்தில் எல்லா நிறமும் வெளிறித் தெரிவதால் கை தானாக அடர்த்தியாகப் பூசும். வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். முதுகை வெயிலுக்குக் காட்டி, உங்கள் நிழல் தாளில் விழும்படி உட்காருங்கள்.

இடம் ஒன்றே ஒன்று போதும். வீட்டிலிருந்தோ அகதிகள் முகாமிலிருந்தோ நடந்து போய்த் திரும்பக்கூடிய கரையாக இருக்க வேண்டும். முகாமில் இருப்பவர்கள் ஆட்களைக் கணக்கெடுக்கும் சரிபார்ப்பு நாளைக் கணக்கில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கரையையே தேர்ந்தெடுப்பது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை ஐந்து இடம் சுற்றுவதைவிட, வாரத்துக்கு மூன்று முறை ஒரே இடத்தில் கால் மணி நேரம் இருப்பதில்தான் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். பெயர்த்து எடுக்க முடியாத அடையாளம் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு பனை, ஒரு படகுத்துறைத் தூண், ஒரு கோயில் சுவர். நிறுத்தி வைத்த வள்ளத்தை அடையாளம் வைத்தால் மறுவாரம் அது கடலுக்குப் போயிருக்கும்.

ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் தேதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானத்தை எட்டுப் பங்காக வைத்து அதில் மேகம் எத்தனை பங்கு, திதி, காற்று. காற்றைப் பெயரோடு நிறுத்தாதீர்கள், திசையையும் எழுதுங்கள். தென்மேற்கிலிருந்து அடிப்பதை யாழ்ப்பாணத்தில் சோளகம் என்பார்கள், இந்தக் கரையில் பல ஊர்களில் கச்சான் என்பார்கள். (அங்கே கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். இங்கே கடைத்தெருவில் கச்சான் கேட்டால் கிடைக்காது, கடலை என்று கேட்க வேண்டும்.) ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் அடுத்த வருடம் புரட்டும்போது எது எந்தக் காற்று என்று குழம்பிப் போகும். திசையைக் குறித்து இரண்டு பருவம் தொடர்ந்து பார்த்தால் ஒன்று விளங்கும். தென்மேற்குக் காற்று மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்க, பாக் விரிகுடாப் பக்கம் குளம்போலக் கிடக்கும். ஐப்பசியில் வாடை எழுந்ததும் அது அப்படியே மாறும். தனுஷ்கோடிச் சாலையில் நின்றால் இரு பக்கத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம். தெற்கை ஆண்கடல், வடக்கைப் பெண்கடல் என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள். வாடைக்காலக் குறிப்புகள் கையில் இருந்தால் பெண்கடலும் சீறும் நாட்களை நீங்களே எண்ணிச் சொல்லலாம்.

நீர்மட்டம் அளக்கக் கருவி வேண்டாம். இங்கே ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் கரை தட்டையானது என்பதால் நீர் விலகும் தூரம் அதிகம். ஆகவே உயரத்தை விட்டுவிட்டுத் தூரத்தை அளக்க வேண்டும். அடையாளத்திலிருந்து நீர்விளிம்பு வரை எத்தனை எட்டு என்று நடந்து எண்ணுங்கள். முன்கூட்டியே 20 எட்டு நடந்து டேப்பால் அளந்துகொள்ளவும். 13 மீட்டர் வந்தால் ஓர் எட்டு 65 சென்டிமீட்டர். இந்த அளவைத் தார்ச்சாலையில் எடுக்கக் கூடாது. மணலில் கால் புதைந்து எட்டு குறுகும், மணலிலேயே எடுக்க வேண்டும். நீர் ஏறி இறங்கும் நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மிக அதிகமாக விலகும். தலைப்பில் திதியும் எட்டுக் கணக்கும் இருந்தால் ஒரே மாதத்தில் இந்த ஒழுங்கு உங்கள் பக்கங்களிலேயே தெரிந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் பறவை வரையவே வேண்டாம். பறந்துபோகும் ஒன்றோடு தொடங்கினால் மூன்றாம் நாள் சலித்துவிடும். ஈர மணலில் ஒரு மீட்டர் சதுரம் கிழித்து அதற்குள் இருப்பதை மட்டும் எழுதுங்கள். நீர் விலகிய சிறிது நேரத்தில் பயறளவு மணல் உருண்டைகள் தோன்றும். பொத்துக்குள் இருக்கும் சின்ன நண்டு வெளியே வந்து மேல்மணலை அள்ளி, அதில் உண்ணத் தக்கதைச் சலித்தெடுத்துவிட்டு, மிச்சத்தை உருட்டி வைக்கிறது. பொத்தை நடுவாக வைத்து உருண்டைகள் கதிர்போல வெளியே விரியும். ஒரு பொத்தைத் தேர்ந்து, அது எத்தனை கதிர், நீளமான கதிர் எத்தனை சென்டிமீட்டர், பத்து நிமிடத்தில் எத்தனை உருண்டை கூடியது என்று எழுதுங்கள். அசையாமல் உட்கார வேண்டும், நிழல் பட்டால் நண்டு உள்ளே போய்விடும், மீண்டும் வரச் சில நிமிடம் ஆகும். மறுமுறை நீர் ஏறினால் அத்தனையும் அழிந்துவிடும். எனவே கதிரின் நீளம் அந்த இடம் வெளிப்பட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பதற்கும் ஒரு கணக்கு.

மேல்மணலில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் இருக்கும். இந்த இரண்டுக்கும் பெயர் மாற்ற வேண்டியதில்லை, அக்கரையிலும் இதே பெயர்தான். இராவணன் மீசையின் இலைநுனி ஊசிபோலக் குத்தும், கையால் பிடிக்காமல் வரையவும். அதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. காய்ந்த பெண் கதிர் முள்ளுருண்டையாகக் கழன்று காற்றில் உருண்டோடி விதை பரப்பும். மணலில் பத்து மீட்டர் அளந்து இரண்டு கோடு கிழித்து, உருண்டை அதைக் கடக்க எத்தனை நொடி என்று எண்ணினால் காற்றின் வேகத்தை நாளுக்கு நாள் ஒப்பிட ஓர் அளவு கிடைக்கும். எந்த இடத்தில் நின்றது என்பதையும் எழுதுங்கள். பெரும்பாலும் பள்ளமோ ஈரமோ இருக்கும்.

பூநாரைகள் சனவரி முதல் மார்ச் வரை பார்க்கக் கிடைக்கும். தனுஷ்கோடி வழியில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய நீர்ப்பரப்பில் சாலையிலிருந்தே தெரியும். 2025இல் தனுஷ்கோடிப் பகுதி பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வரையும்போது எல்லோரும் தவறும் இடம் கால். நடுவில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் இல்லை, கணுக்கால். முழங்கால் மேலே இறகுக்குள் மறைந்திருக்கும். கணுக்காலை முன்னோக்கி மடக்கி வரைந்தால் பறவை விழப்போவதுபோல இருக்கும். முதலில் உடலுக்கு ஒரு முட்டை, பிறகு அதன் நடுவிலிருந்து நேர் கீழே கால், கடைசியாகக் கழுத்து. அலகு பாதியில் கீழ்நோக்கி ஒடியும், நுனி கறுப்பு. தலையைக் கவிழ்த்து நீரைச் சலிக்கவே அந்த ஒடிவு.

கூட்டத்தை எண்ணும்போது ஒன்று இரண்டு என்று போகாதீர்கள், நடுவில் ஒன்று நகர்ந்தால் கணக்கு கெடும். இருபதை எண்ணி அது எவ்வளவு அகலம் என்று கண்ணில் பிடித்து, அந்த அகலத்தைக் கூட்டத்தின்மேல் அடுக்கிப் போக வேண்டும். மூன்று முறை எண்ணி மூன்றையும் எழுதி, நடு எண்ணை வட்டமிடுங்கள். கூட்டத்துக்கு நடுப்பகுதி நெருக்கமாகவும் ஓரம் தளர்வாகவும் இருக்கும். ஓரத்து இருபதை வைத்து அளந்தால் எண்ணிக்கை குறைந்துவிடும். பறவைகள் தலையைத் தூக்கிக் கழுத்தை நீட்டி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பின்வாங்குங்கள். அந்தப் பக்கத்தில் "என்னால் கலைந்தது" என்றும் உண்மையாக எழுதுங்கள், இல்லாவிட்டால் அன்றைய குறிப்பு பொய்யாகிவிடும்.

சட்டத்தை இங்கே நிறுத்திச் சொல்ல வேண்டும், அக்கரைப் பழக்கம் இதில் ஆபத்து. மன்னாரில் உரிமம் பெற்றுக் கடலட்டை பிடிக்கலாம், பண்ணையும் வைக்கலாம். இந்தியாவில் அட்டை 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது, உயிரோடோ காய்ந்தோ கையில் இருந்தாலே குற்றம். பவளம், கடற்குதிரை, சில சங்கு வகைகளும் அப்படித்தான். ஒதுங்கிக் கிடக்கும் வெள்ளைப் பவளத் துண்டை அழகாக இருக்கிறதென்று பையில் போடாதீர்கள். கிடந்த இடத்திலேயே அளவுகோலை அருகில் வைத்து வரைந்துவிட்டு விட்டுவிடுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21ம் 1986 முதல் தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. இது எல்லைக் கரை என்பதையும் மறக்க வேண்டாம். படகு எண், ரோந்துக் கப்பல், யார் எப்போது கரையேறினார் என்பவை இந்த நோட்டில் இடம்பெறவே கூடாது. அடையாள அட்டையின் நகலைப் பின்னட்டையில் செருகி வையுங்கள். காவலர் கேட்டால் நோட்டைத் திறந்து காட்டுங்கள், நண்டும் பூநாரையும் இருக்கும் நோட்டைப் பார்த்து யாரும் அதிக நேரம் கேள்வி கேட்கமாட்டார்கள். தனுஷ்கோடியிலிருந்து இருட்டும் முன் திரும்பிவிட வேண்டும்.

கடைசிப் பத்துப் பக்கத்தைப் பெயர்களுக்கு ஒதுக்குங்கள். இடப்பக்கம் அங்கே, வலப்பக்கம் இங்கே. கடற்பன்றிக்கு எதிரே ஆவுளியா (கடற்பசு) என்று வரும். பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை எல்லாம் கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டியவை. கடற்பாசியில் பெரிய ஆசிரியர்கள் பாசி எடுக்கப் போகும் பெண்கள்தான். மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று கையில் எடுத்துக் காட்டி வேறுபாடு சொல்வார்கள். அவர்கள் கடலுக்கு இறங்கும் நேரம் கேட்காதீர்கள், கரையேறி உடை மாற்றி உட்கார்ந்தபின், "அக்கா, இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேளுங்கள். வலை இழுப்பவர்களை அண்ணை என்று அழைத்தால் சிரித்துக்கொண்டே எந்த ஊர் என்று கேட்பார்கள், அண்ணே என்றாலும் சரிதான். ஒரு பெயரை ஒருவரிடம் கேட்டதும் உறுதி செய்துவிடாமல், இன்னொருவரிடமும் கேட்டு, ஊர்ப் பெயரையும் பக்கத்தில் போடுங்கள். பாம்பனில் சொல்லும் பெயர் தொண்டியில் வேறாக இருக்கும்.

மழை மாதங்களில், ஐப்பசி முதல் மார்கழி வரை, நோட்டை மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். ஈரமாக மூடினால் பூஞ்சை பிடிக்கும். கரையிலிருந்து வந்ததும் பக்கங்களை விரித்து நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, தாள் இடுக்கில் சிக்கிய மணலைக் காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டுப் பிறகு மூடுங்கள். மணல் இருந்தால் பென்சில் கோடுகளை அது தேய்த்து மங்கவைத்துவிடும்.