ஃபிரிட்ஜில் இடமில்லை என்றேன்

"இதை இங்க வைக்க முடியாது டீச்சர்" என்று நான் சொன்னது சரிதான். எங்கள் மருந்துக்கடையில் இன்சுலின் இருக்கிற ஃபிரிட்ஜில், 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று லேபிள் ஒட்டிய குப்பியை எப்படி வைப்பது? டிரக் இன்ஸ்பெக்டர் கேட்டால் எந்த பில்லைக் காட்டுவேன்? கோத்தகிரியில் மழை பிடித்துவிட்டால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, எங்கள் கடையில் இன்வெர்ட்டர் உண்டு. அதனால்தான் கேட்டார். இதுவரை எனக்குக் குழப்பமில்லை. அடுத்துப் பேசியதுதான் உறுத்துகிறது.

"இதைப் போட்டா உடம்புல சூடு உண்டாகுமாமே தம்பி, நெஜமா?"

ஏப்ரலிலும் ஸ்வெட்டரைக் கழற்றாதவர். தைராய்டு குறைவு, அதற்கு மாத்திரை போடுகிறவர். குப்பியில் இருந்தது மாட்ஸ்-சி என்ற ஊசி. பெங்களூரில் இருக்கும் மகன் ஆன்லைனில் வாங்கி அனுப்பியது.

"நெஜந்தான் டீச்சர். ஆனா சுண்டெலிகள்ல."

முதல் வார்த்தையோடு அவர் முகம் மலர்ந்துவிட்டது. 'பொய்' என்று ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் அது பொய் இல்லையே! செல்லுக்குள் எரிபொருளை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டி.என்.ஏ.வில், ஒரு ஆர்.என்.ஏ. மரபணுவுக்குள் ஒளிந்திருந்த 16 அமினோ அமிலப் புரதத் துண்டு அது. 2015இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சாங்ஹான் லீயும் பின்சாஸ் கோஹனும் கண்டுபிடித்தார்கள். கொழுப்புத் தீனி தின்ற எலிகள்கூட அதைப் போட்டபோது அவ்வளவாகப் பருக்கவில்லை. குளிரில் வைத்த எலிகளின் கொழுப்புத் திசு அதனால் கூடுதலாகச் சூடு உண்டாக்கியதாக 2019இல் ஒரு ஆய்வு வந்தது. குளிரில் நடுங்குகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

"அப்ப மாத்திரையை விட்டுடலாம்ல?"

"விட்டுடாதீங்க" என்றேன், காரணமும் சொன்னேன். தைராய்டு சுரக்கும் ஹார்மோன் டி4, அவர் போடும் மாத்திரையும் அதுதான். அது திசுக்களில் டி3 ஆக மாறுகிறது. மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்கு, எரிபொருளை எரி என்று செல்லுக்கு உத்தரவிடுவது அந்த டி3. மாட்ஸ்-சி வேறு வழியில், ஏ.எம்.பி.கே. என்ற நொதியைத் தூண்டி வேலை செய்கிறது. மூளையின் ஹைப்போதலாமஸில் டி3 அதே நொதியை அடக்கித்தான் உடல்சூட்டைக் கூட்டுகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். ஆக, இரண்டும் ஒரே திசையில் இழுக்கின்றன என்றுகூடச் சொல்லிவிட முடியாது. சுரப்பியே ஓய்ந்துபோனவருக்கு, டி4 செய்யும் வேலையை இந்தக் குப்பி செய்யாது. கவுண்டரில் இவ்வளவையும் சொன்னேனா என்றால், பாதி சொல்லியிருப்பேன். பின்னால் பி.பி. மாத்திரைக்கு ஆள் நின்றுகொண்டிருந்தார்.

சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. டி4 இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். இன்று மாத்திரையை நிறுத்தினால் நாளைக்கே ஒன்றும் தெரியாது. அந்த நல்ல நாட்களின் பெருமையெல்லாம் ஊசிக்குப் போய்விடும். அலுப்பும் மலச்சிக்கலும் குளிரும் திரும்பும்போது வயசு, மழை என்று வேறு காரணம் கிடைக்கும். இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று சில நேரம் தோன்றுகிறது. சொல்லியிருந்தால், "நிறுத்தினாலும் கொஞ்ச நாள் ஒண்ணும் ஆகாது" என்று மட்டும் காதில் வாங்கியிருப்பாரோ என்றும் தோன்றுகிறது. வகுப்பில் இத்தனை வருஷம் பாடம் நடத்தியவர், தனக்கு வேண்டியதைப் பொறுக்கி எடுத்துக்கொள்வதில் கெட்டி.

குப்பியை வாங்கி உள்ளே வைத்திருந்தால், ஒவ்வொரு தடவையும் என்னிடம் வந்துதானே எடுத்துப் போயிருப்பார்? கேட்கவாவது ஒரு சாக்கு இருந்திருக்கும். இப்படி யோசிப்பதே தப்பு, தெரியும். கடை லைசென்ஸில் பார்மசிஸ்ட் என்று இருப்பது என் பெயர்.

அதன்பிறகு அவர் கடைப்பக்கம் வரவில்லை. ஆனால் அவர் வாங்குவது நூறு மாத்திரை டப்பா. வராததை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. பில்லில் நம்பர் இருக்கிறது, போன் போடட்டுமா என்று முதலாளியிடம் கேட்டேன். "மாத்திரை போட்டீங்களான்னு ஒவ்வொருத்தருக்கும் போன் போட ஆரம்பிச்சா யாருப்பா கடையைப் பாக்கறது?" என்றார். எல்லாருக்கும் இல்லை, இவர் ஒருத்தருக்குத்தான் என்றேன். அவர் ஸ்டாக் நோட்டைப் புரட்டப் போய்விட்டார். நானும் இன்னும் போன் போடவில்லை.