கறளும் புகையும்: ஓர் இரசாயனவியல் ஆசிரியையின் அனுபவம்

திருகோணமலையில் அமில மழையைக் கற்பிப்பது கொஞ்சம் சங்கடமான வேலை. இது கடலோர ஊர். கூரைத் தகரம் கறள் பிடிக்கிறது, யன்னல் கம்பி கறள் பிடிக்கிறது, போன வருடம் வாங்கிய சைக்கிளும் கறள் பிடித்து நிற்கிறது. அமில மழையின் விளைவுகளில் ஒன்றாக உலோகங்கள் அரிக்கப்படுவதையும் நாங்கள் கரும்பலகையில் எழுதுகிறோம். மாணவர்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, எங்கள் ஊரில் அமில மழை பெய்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் இந்த முடிவோடுதான் பாடம் தொடங்குகிறது.

கடற்கரையை ஒட்டிய உப்புவெளியிலிருந்து வரும் ஒரு மாணவி இதை விடாப்பிடியாகச் சொன்னாள். "எங்கள் கூரை மாற்றி அதிக காலம் ஆகவில்லை, டீச்சர். அதற்குள் ஓட்டை விழுந்துவிட்டது. தொழிற்சாலைப் புகைதானே காரணம்?" மறுப்பதற்குப் பதிலாக மழைநீர் கொண்டுவரச் சொன்னேன். கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் கந்தளாயிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவன் ஒருவனிடமும், வீட்டுக்குப் போகும்போது அங்கே பெய்யும் மழையில் ஒரு போத்தல் பிடித்து வரச் சொன்னேன். இரண்டிலும் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் சில துளிகள் விட்டோம். உப்புவெளி நீர் பால் கலந்ததுபோல் கலங்கியது. கந்தளாய் நீரில் கலங்கல் இருக்கிறதா இல்லையா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கலங்கல் குளோரைட்டின் அடையாளம். அந்தக் குளோரைட்டு கடலிலிருந்து வந்தது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி, உப்பாகத் தகரத்தில் படிகின்றன. உப்புப் படிந்த ஈரத் தகரம் கறள் பிடிக்க அமிலம் எதுவும் தேவையில்லை.

அவளுக்கு ஏமாற்றம்தான். குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று நினைத்திருந்தாள்.

அந்த ஏமாற்றத்திலிருந்து தொடங்கினால் பாடம் நன்றாக நடக்கிறது. சுத்தமான மழைநீரே நடுநிலையானது அல்ல. வளிமண்டலக் காபனீரொட்சைட்டு அதில் கரைந்து காபோனிக்கமிலமாவதால் அதன் பீஎச் பெறுமானம் (7 நடுநிலை, எண் குறையக் குறைய அமிலம் கூடும்) ஏறத்தாழ 5.6 ஆக இருக்கும். நிலக்கரியும் கந்தகம் கலந்த எண்ணெயும் எரிவதிலிருந்தும், சல்பைட்டுத் தாதுக்களை உருக்கி உலோகம் எடுப்பதிலிருந்தும் கந்தகவீரொட்சைட்டு வெளியாகிறது. வாகன இயந்திரத்தின் உயர் வெப்பத்தில் காற்றிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நைதரசன் ஒட்சைட்டுகள் உருவாகின்றன. இவை காற்றிலேயே சல்பூரிக்கமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் மாறி மழையோடு இறங்குகின்றன. மழை இல்லாத நாட்களில் வாயுவாகவும் தூசாகவும் படிகின்றன. இந்த உலர் படிவை மாணவர்கள் பரீட்சையில் அநேகமாக மறந்துவிடுவார்கள். 5.6 இலிருந்து 4.6 க்கு இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது என்பதையும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1974 இல் ஸ்கொட்லாந்தின் பிட்லொக்ரியில் பெய்த ஒரு மழை 2.4 என்று பதிவானது. வினாகிரிக்குக் கிட்டிய பெறுமானம் அது.

அளப்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி, மாணவர்கள் அதிகம் அலுத்துக்கொள்ளும் பகுதியும் அதுவே. மழைநீரில் அயன்கள் மிகக் குறைவு. காட்டித்தாளில் உள்ள சாயமே அதன் பெறுமானத்தை அசைத்துவிடும். தாள் காட்டும் நிறத்தை நம்பி அமில மழை என்று எழுதிவிட முடியாது. பீஎச் மானியை, பெறுமானம் எளிதில் மாறாத 4, 7 ஆகிய இரு தாங்கற்கரைசல்களிலும் சரிபார்த்துவிட்டு மழைநீரில் வைத்தால், எண் நெடுநேரம் நிலைகொள்ளாமல் ஊசலாடும். பொறுமையில்லாதவன் தனக்குப் பிடித்த எண் வரும்போது குறித்துக்கொள்வான். பாத்திரத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த வழக்கு. கூரை ஓரத்தில் வைத்தால் தகரம் கழுவிய நீர் வரும், மரத்தடியில் வைத்தால் காக்கை எச்சம் வரும். முதல் கால் மணி நேர மழை காற்றிலுள்ள தூசையெல்லாம் கழுவிக்கொண்டு இறங்கும். அதைத் தனியாகவும் பிறகு பெய்வதைத் தனியாகவும் பிடிக்க வேண்டும். மூடிவைத்திருந்து மழை தொடங்கும்போது திறக்க வேண்டும் என்றால், இரவு இரண்டு மணிக்கு மழை வந்தால் யார் எழும்புவது? பல வீடுகளில் அம்மாமார்தான் எழும்பினார்கள் என்று பிறகு தெரிந்தது.

எங்கள் மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரை, வாடைக்காற்றோடு வருவது. அது வங்காள விரிகுடாவைக் கடந்து வருகிற காற்று. நாங்கள் எடுத்த அளவீடுகளில் பயப்படும்படியான எதுவும் இருக்கவில்லை. கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் எப்போதாவது விழும் மழையில் செம்மண் தூசு கலந்திருக்கும். தென்னாசியாவில் இந்தத் தூசுக்கு ஒரு பங்கு உண்டு: அதிலுள்ள கல்சியம் காபனேற்று அமிலத்தின் ஒரு பகுதியை நடுநிலையாக்கிவிடுகிறது. பக்கத்து நாட்டில் அவ்வளவு நிலக்கரி எரிந்தும் பல இடங்களில் மழை அமிலமாகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும். தூசு காப்பாற்றும் என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டுப் போய்விடக் கூடாது. அந்தத் தூசும் நுரையீரலுக்குள் போகிறது. 2022 டிசம்பரில் நாட்டின் பல பகுதிகளில் காற்று மோசமாகிப் பாடசாலைகள் ஒரு நாள் மூடப்பட்டபோது, எல்லை தாண்டிக் காற்று வருகிறது என்பதை வரைபடம் இல்லாமலே வகுப்புக்கு விளக்க முடிந்தது. தென்னாசிய நாடுகள் 1998 இல் மாலைதீவுத் தலைநகரின் பெயரிலான மாலே பிரகடனத்தை ஏற்றுக்கொண்டதும் இதே எல்லை தாண்டும் மாசு பற்றித்தான். இலங்கையும் அதில் ஒரு தரப்பு.

உண்மையில் அமில மழையின் வரலாறே புகையை அடுத்த ஊருக்கு அனுப்பிய வரலாறு. மான்செஸ்டர் நகரத்து மழையை ஆராய்ந்து ரொபேட் அங்கஸ் சிமித் 1852 இலேயே எழுதினார். அதன் பிறகும் உலகம் செய்தது என்ன? புகைபோக்கியை உயர்த்தியது. கனடாவின் சட்பரியில் 1970 களின் தொடக்கத்தில் 381 மீற்றர் உயரத்துக்கு ஒன்றைக் கட்டினார்கள். உள்ளூரில் காற்று தெளிந்தது. கந்தகம் வெகுதூரம் போய் இறங்கியது. ஐரோப்பாவில் புகைந்ததற்கு நோர்வேயின் தென்பகுதி ஆறுகளில் சல்மன் மீன்கள் அழிந்தன. அமிலம் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து நீருக்குள் விடும். அது மீனின் பூக்களில், அதாவது செவுள்களில், படிந்து மூச்சை அடைக்கும். பீஎச் 5 அளவில் பெரும்பாலான மீன்களின் முட்டைகள் பொரிப்பதில்லை. மீனவர் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இந்த இடத்தில் மட்டும் எனக்குக் குரலை உயர்த்த வேண்டிய தேவை வருவதில்லை.

சுண்ணக்கல் கரைவதைக் காட்ட எனக்கு ஆய்வுகூடப் பளிங்கு தேவையில்லை. கடற்கரையில் கிடக்கும் முருகைக்கல் துண்டு ஒன்றை வினாகிரியில் போட்டால் போதும், நுரைக்கிறது. தாஜ்மகாலின் பளிங்கு அரிக்கப்படுவதைப் பற்றி எழுதாத விடைத்தாள் இல்லை; புகைக்குக் காரணமாக மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்தையும் சேர்த்து எழுதுவார்கள். எங்கள் ஊர்க் கோயில் நிற்கும் கோணேசர் மலையின் பாறை சுண்ணக்கல் அல்ல என்பதால் அதற்கு அந்தப் பயம் இல்லை என்று நான் சொன்னதும் ஒருவன் நிம்மதிப் பெருமூச்சு விட்டான். கோயிலுக்காகவா, விடைத்தாளில் ஒரு வரி குறைந்ததற்காகவா என்று தெரியவில்லை.

இந்தப் பாடம் பாடநூலை விட்டு வெளியே வந்தது சம்பூரால். மூதூர்ப் பக்கம், கொட்டியாரக் குடாவின் கரையில் 500 மெகாவாற்று நிலக்கரி மின் நிலையம் அமைக்க இந்தியாவும் இலங்கையும் கூட்டாகத் திட்டமிட்டிருந்த காலம். 2006 போரில் இடம்பெயர்ந்த சம்பூர் மக்களுக்கு அது முதலில் நிலப் பிரச்சினை. புகை பிறகு வந்த கேள்வி. வகுப்பில் நான் வரைபடத்தை விரித்து, வாடை வடகிழக்கிலிருந்து வீசினால் புகை எங்கே போகும் என்று மட்டும் கேட்டேன். அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தார்கள். சேருவில, அதைத் தாண்டிப் பொலன்னறுவை வயல்கள்; காற்று கொஞ்சம் திரும்பினால் கந்தளாய்க் குளம். மழை பெய்கிற மாதங்களும் அவையே. திருகோணமலை நகரம் கோட்டுக்குள் வரவே இல்லை. "அப்படியென்றால் எங்களுக்குப் பிரச்சினை இல்லையா, டீச்சர்?" என்று நகரத்துப் பிள்ளை ஒன்று கேட்டது. கந்தளாய்ப் பையன் திரும்பிப் பார்த்த பார்வையே அதற்குப் பதிலாக இருந்தது. 2016 இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற்றுச் சூரிய மின் நிலையத்துக்கான வேலை தொடக்கிவைக்கப்பட்டது.

தடுப்பு முறைகளில் "மரம் நடுதல்" என்று முதல் வரியில் எழுதுபவர்களுக்கு நான் புள்ளி போடுவதில்லை. இதில் எனக்குக் கோபமே உண்டு. மரம் நல்லது, ஆனால் ஐரோப்பாவில் இந்த மழையில் செத்ததே மரம்தான். கல்சியமும் மக்னீசியமும் மண்ணிலிருந்து கழுவப்பட்டுக் காடுகள் காய்ந்தன. தடுக்க வேண்டிய இடம் புகைபோக்கி. கந்தகம் குறைந்த எரிபொருளைப் பயன்படுத்தலாம். புகையைச் சுண்ணக்கல் கலவையால் கழுவினால் கந்தகவீரொட்சைட்டின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிடிபட்டுவிடும், கிடைக்கும் கல்சியம் சல்பேற்று ஜிப்சமாகும். ஜிப்சம் சீமெந்துக்குத் தேவை என்பதைச் சீனக்குடா சீமெந்துத் தொழிற்சாலை இருக்கும் ஊரில் விளக்குவது சுலபம். வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஒட்சைட்டுகளைக் குறைக்க ஊக்கி மாற்றி இருக்கிறது. இதையெல்லாம் சட்டம் போட்டால்தான் செய்வார்கள்: எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய 1979 ஜெனீவா உடன்படிக்கையும், 1990 இல் அமெரிக்கா திருத்திய தூய காற்றுச் சட்டமும் வந்த பிறகு கந்தகம் பெருமளவு குறைந்தது. தடுக்க முடிந்த சூழல் கேடுகளில் இது ஒன்று என்று சொல்லும்போது மாணவர்கள் நம்பாமல் பார்க்கிறார்கள். கெட்ட செய்தியாகவே சூழலைப் படித்துப் பழகிவிட்டார்கள்.

துறைமுகத்தைப் பற்றிய கேள்வி அண்மையில்தான் வந்தது. கப்பல்கள் நெடுங்காலம் எரித்தது மலிவான, கந்தகம் மிகுந்த எண்ணெய். 2020 ஜனவரி முதல் அதன் கந்தக எல்லையை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகச் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இறக்கியது. புகையைக் கடல்நீரால் கழுவும் கருவி பொருத்திய கப்பல்கள் பழைய எண்ணெயையே எரிக்கலாம். கடல்நீர் சற்றுக் காரத்தன்மை உடையது, ஆகவே அமிலத்தை வாங்கிக்கொள்ளும் என்று நான் விளக்கி முடிப்பதற்குள், கிண்ணியாவிலிருந்து வரும் மாணவன் எழுந்தான். "கழுவிய தண்ணீரை எங்கே விடுவார்கள், டீச்சர்?"

திரும்பக் கடலுக்குள்தான். சிங்கப்பூர் உட்படப் பல துறைமுகங்கள் தங்கள் எல்லைக்குள் அதைத் தடைசெய்திருக்கின்றன என்று சொன்னேன். எங்கள் குடாவில் என்ன விதி என்று அடுத்த கேள்வி வந்தது. துறைமுக அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதும்படி அவனிடமே கொடுத்திருக்கிறேன். வரைவு வந்துவிட்டது, எழுத்துப்பிழை திருத்துகிறோம்.