இரவில் டாக்சி எடுத்தேன், காலையில் மாட்டினேன்: லைசன்ஸ் திரும்பக் கிடைத்த கதை

போன வாரம்தான் என் லைசன்ஸ் திரும்பக் கிடைத்தது. சிங்கப்பூரில் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய குற்றத்துக்காக 2022 நவம்பரில் மாட்டினேன், இப்போது 2025 டிசம்பர். நடுவில் மூன்று வருஷம் போய்விட்டது. கோர்ட்டில் எனக்குப் போட்ட தடை 26 மாதம்தான். மிச்ச மாதங்கள் பாதி என் அறியாமையால் போயின, பாதி கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைக்காததால் போயின. இதே நிலைமையில் யாராவது இருந்தால் அவர்களுக்காவது அந்த மாதங்கள் மிஞ்சட்டும்.

நான் ஏர்கான் டெக்னீஷியன். பதினைந்து வருஷமாகக் கம்பெனி வேன் ஓட்டினேன். ஒரு சம்மன் கூட வாங்கியதில்லை. அந்தச் சனிக்கிழமை ஈசூனில் நண்பன் வீட்டில் அவன் மகளுக்குப் பிறந்தநாள். குடிக்கப் போகிறோம் என்று தெரிந்தே வேனை உட்லண்ட்ஸில் எங்கள் புளோக் கார்பார்க்கில் விட்டுவிட்டுப் போனேன். இரவு எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். ஒரு மணிக்கு எழுந்தபோது என் கணக்கில் நான்கு பெரிய பாட்டில் பியர், நான்கு பெக் விஸ்கி. டாக்சி பிடித்து வீடு வந்து படுத்தேன். இதுவரை நான் செய்ததில் தப்பே இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

ஞாயிறு காலை ஒரு வாடிக்கையாளர் வீட்டில் வேலை இருந்தது. ஐந்தரைக்கு எழுந்து, குளித்து, கட்டியாக ஒரு கோப்பி குடித்துவிட்டு ஆறு மணிக்கு வேனை எடுத்தேன். தலை கொஞ்சம் பாரமாக இருந்தது, அவ்வளவுதான். வீட்டிலிருந்து இரண்டாவது சிக்னலில் சிவப்பு விழுந்தது, நின்றேன். அடுத்து எனக்குத் தெரிந்தது கண்ணாடியை யாரோ தட்டும் சத்தம். பச்சை விழுந்து, போய், மறுபடி சிவப்பு விழுந்திருக்கிறது. பின்னால் நின்றது போலீஸ் ரோந்து கார்.

ஊதச் சொன்னார்கள். ஊதினேன். ஃபெயில். விலங்கு மாட்டிக் கூட்டிப்போனார்கள். அந்த அதிகாரிகள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அதைச் சொல்ல வேண்டும். நிலையத்தில் பெரிய கருவியில் இரண்டு முறை ஊத வைத்தார்கள். இரண்டில் எது குறைவோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். எனக்கு 41. சட்ட வரம்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம். ரத்தத்தில் என்றால் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம். ஊத மாட்டேன் என்று அடம்பிடித்தால் தப்பிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். தகுந்த காரணமில்லாமல் மறுத்தாலும் அதே தண்டனைதான்.

பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பெரிய பாட்டில் பியர் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் ஆல்கஹால். நான்குக்கு 100. நான்கு பெக்கில் இன்னும் 38 வரும். உடம்பு மணிக்கு 10 கிராம் அளவில்தான் கரைக்கும், சிலருக்கு அதுவும் இல்லை. எட்டு மணியிலிருந்து காலை ஆறு மணி வரை பத்து மணி நேரத்தில் 100 கிராம் போயிருக்கலாம். மிச்சம் உள்ளேயே இருந்தது. குளியல், கோப்பி, தோசை எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. வருஷக் கடைசியில் போக்குவரத்துப் போலீஸ் செய்யும் பிரசாரங்களை வருஷா வருஷம் பார்த்தவன் நான். குடித்தால் ஓட்டாதே என்றால் அது குடித்த இரவைப் பற்றியது என்றே என் மனதில் பதிந்திருந்தது. மறுநாள் காலையைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் யாரிடமும் கேட்டதில்லை.

ஹேவ்லாக் ஸ்குவேர் கோர்ட்டில் தீர்ப்பு 2023 மார்ச் 9ஆம் தேதி வந்தது. 3,000 வெள்ளி அபராதம், எல்லா வகை வாகனங்களுக்கும் 26 மாதத் தடை. முதல் தடவை, வேறு சேதம் எதுவும் இல்லை, அளவு 35க்கும் 54க்கும் நடுவில் என்றால் பொதுவாக 2,000 முதல் 4,000 வெள்ளி அபராதம், 24 முதல் 30 மாதத் தடை. அளவு ஏற ஏற இரண்டும் ஏறும். 90ஐத் தாண்டினால் தடை நான்கு வருஷத்துக்குக் குறையாது என்று வக்கீல் சொன்னார். என் மாமா ஒருவர், "ஒரு வருஷம்தான் போடுவாங்க, கவலைப்படாதே" என்று தைரியம் சொல்லிக்கொண்டே இருந்தார். அது பழைய சட்டம். 2019 நவம்பர் 1 முதல் முதல் தடவைக்கே குறைந்தது இரண்டு வருஷம். இரண்டாவது தடவை மாட்டினால் ஐந்து வருஷம், கூடவே சிறையும் நிச்சயம்.

அந்த 26 மாதத்தைப் பற்றி அதிகம் எழுத மனமில்லை. முதலாளி வேலையை விட்டுத் தூக்கவில்லை, சம்பளத்தில் 450 வெள்ளி குறைத்தார். நான் ஓட்டிய வேனை இருபத்து நான்கு வயதுத் தம்பி ஒருவன் ஓட்ட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனேன். "அண்ணே, லெஃப்ட்டா ரைட்டா?" என்று அவன் கேட்கும்போதெல்லாம் என் வலது கால் தரையை அழுத்தும்.

ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்கிறேன். "வேனை அடுத்த லாட்டுக்கு மட்டும் தள்ளி நிறுத்துப்பா, ரெண்டு நிமிஷம்தானே" என்று ஒருநாள் யாராவது கேட்பார்கள். என்னைக் கேட்டார்கள். சாவியைத் தொடாதீர்கள். தடைக் காலத்தில் ஓட்டி மாட்டினால் 10,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். வண்டியையே பறிமுதல் செய்யலாம்.

இனிமேல்தான் நான் ஏமாந்த இடம்.

மாட்டிய நாளிலிருந்தே நான் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அதனால் 26 மாதத்தை 2022 நவம்பரிலிருந்து எண்ணினேன். 2025 ஜனவரியில் முடிகிறது என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள் என் மனைவி. அரை நாள் லீவு போட்டு ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபின் கவுண்டரில் இருந்தவர் அடையாள அட்டை எண்ணைத் தட்டினார். "சிஸ்டம் அனுமதிக்கல" என்றார். ஏன் என்று கேட்டேன். "சிஸ்டம்ல வரல, நீங்க போலீஸ்கிட்ட கேளுங்க." தடை முடிந்துவிட்டதே என்றேன். முகத்தைக் கூட நிமிர்த்தாமல் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். ஒருவேளை பதிவு தாமதமாக ஏறியிருக்கும் என்று நானே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். அதே பதில். மூன்றாம் முறை போனபோதுதான் வேறொரு கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் ஒருவர், "அண்ணே, கோர்ட் பேப்பர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். போனில் படம் இருந்தது, காட்டினேன். விரலால் பெரிதாக்கி ஒரு வரியைச் சுட்டிக் காட்டினார். தீர்ப்பு நாளிலிருந்துதான் தடை. 2025 மே 8 வரை. அந்த நாள் முடியாமல் எந்தத் தேர்வுக்கும் பதிய முடியாது. ஒரு நிமிஷ வேலை. முதல் ஆள் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுத்திருந்தால் எனக்கு இரண்டு பயணமும் இரண்டு அரை நாள் சம்பளமும் மிஞ்சியிருக்கும். அந்தத் தங்கைக்கு இன்றும் நன்றி.

தப்பு என்னுடையதும்தான். தாளை முழுதாகப் படிக்காமல் அபராதத் தொகையை மட்டும் பார்த்தேன். நீங்கள் கோர்ட்டிலிருந்து வெளியே வந்ததும் முதல் வேலையாகத் தடை தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் போனில் குறித்துவையுங்கள். சிறைத் தண்டனையும் சேர்ந்திருந்தால் விடுதலையாகும் நாளிலிருந்து எண்ணுவார்கள், அதையும் கவனியுங்கள்.

அடுத்தது எல்லாருக்கும் தெரிய வேண்டிய ஒன்று. தடை ஒரு வருஷமோ அதற்கு மேலோ என்றால் பழைய லைசன்ஸ் செத்துப்போகிறது. தடை முடிந்ததும் தானாக உயிர் வராது. பிடிடி (அடிப்படைக் கோட்பாட்டுத் தேர்வு), எஃப்டிடி (இறுதிக் கோட்பாட்டுத் தேர்வு), பிராக்டிகல் எல்லாம் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து முதலிலிருந்து எழுத வேண்டும். எனக்கு கார், வேன் ஓட்ட கிளாஸ் 3 இருந்தது, மோட்டார்சைக்கிளுக்கு 2பி இருந்தது. இரண்டும் போனது. இரண்டையும் தனித்தனியாகத்தான் திரும்ப வாங்க வேண்டும்.

எது சுலபமோ அதை எடுக்கலாம் என்று ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மட்டுமான 3ஏ வகுப்பில் சேரப் பார்த்தேன். மனைவிதான் தடுத்தாள். "ஏங்க, கம்பெனி வேன் கியர் வண்டியாச்சே?" சரியான கேள்வி. 3ஏ வாங்கினால் மேனுவல் வண்டியைத் தொட முடியாது. வேலைக்காக லைசன்ஸ் வேண்டும் என்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் முதலாளியின் வண்டி எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பிடிடி என்னைக் கவிழ்த்துவிட்டது. 50 கேள்வி, 45 சரியாக இருக்க வேண்டும். பதினைந்து வருஷம் ஓட்டியவன் எதற்குப் படிக்க வேண்டும் என்று போனேன். 43. சாலையில் நான் பழக்கத்தால் செய்வது வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு. இரண்டாம் முறை ஒரு வாரம் வேனில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே படித்தேன், அந்தத் தம்பி கேள்வி கேட்டான். 49. எஃப்டிடி முதல் தடவையிலேயே முடிந்தது. பழகுநர் லைசன்ஸான பிடிஎல் 25 வெள்ளி, ஆன்லைனில் வாங்கியாயிற்று.

அடுத்த அடி சிமுலேட்டர். நான் முதலில் லைசன்ஸ் எடுத்த காலத்தில் அது கிடையாது. இப்போது பிராக்டிகலுக்கு முன்னால் சிமுலேட்டர் பயிற்சி மூன்று பகுதியும் முடித்திருக்க வேண்டும். என் பயிற்சியாளர், "உங்களுக்கு அனுபவம் இருக்கு, தேவைப்படாது" என்றார். நானும் விட்டுவிட்டேன். தேர்வு நாள் பதியப் போனபோது திரையில் தடுத்துவிட்டது. சிமுலேட்டருக்கு இடம் கிடைக்க மூன்று வாரம், அதன் பிறகு தேர்வுக்கு இடம் கிடைக்க இன்னும் ஐந்து வாரம். யார் எதைத் தேவையில்லை என்று சொன்னாலும் எழுத்தில் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

அந்த சிமுலேட்டரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அரை இருட்டு அறை, மூன்று திரை, ஸ்டியரிங், பெடல். இரவுச் சாலை. நின்றிருக்கும் பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஒருவர் குறுக்கே நடந்து வருகிறார். நான் பிரேக் அடித்தேன், நின்றது. நின்றபின் கை நடுங்க ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது சிக்னலில் தூங்கினேன். முதல் சிக்னலை எப்படித் தாண்டினேன், அங்கே யார் கடந்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை நினைவில் இல்லை. எங்கள் புளோக்கிலிருந்து வயதானவர்கள் அந்த நேரத்தில்தான் சந்தைக்கு நடந்து போவார்கள். பயிற்சி அறைக்கு வெளியே பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பிராக்டிகல் முதல் தடவை ஃபெயில். தப்புக்குப் போடும் புள்ளி 18 வரை என்றால் பாஸ், எனக்கு 26. கிராங்க் கோர்ஸ், எஸ் கோர்ஸ் என்ற குறுகிய வளைவுப் பாதைகள், பார்க்கிங் எதிலும் ஒரு புள்ளி விழவில்லை. எல்லாம் சாலையில் விழுந்தது. லேன் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு கையால் திருப்பினேன், மஞ்சள் விழுந்ததும் வேகத்தைக் குறைக்கத் தாமதித்தேன். பழைய ஓட்டுநர்களுக்கு என் அறிவுரை: உங்கள் கை பழகியதைத்தான் முதலில் உதறவேண்டும். நான்கு வகுப்பு கூடுதலாக எடுத்தேன். ஒவ்வொரு வகுப்பிலும் கண்ணாடி, தோள், சிக்னல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். இரண்டாம் முறை 8 புள்ளி. தேர்வாளர் பேப்பரை நீட்டியபோது என்னால் பேச முடியவில்லை, தலையை மட்டும் ஆட்டினேன். மனைவிக்குப் போன் போட்டால் அவள் எடுத்ததும் அழுதுவிட்டாள்.

மொத்தச் செலவு என்ன என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அபராதம், வக்கீல், வகுப்புகள், குறைந்த சம்பளம் எல்லாம் சேர்த்தால் ஒரு பழைய வேன் வாங்கியிருக்கலாம். கார் வைத்திருப்பவர்கள் தடைக்குப் பிறகு காப்பீடு தருவார்களா என்று இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். என் கூட வகுப்பில் இருந்த ஒருவருக்கு அதைப் பற்றிப் பதில் வாங்கவே மூன்று மாதம் ஆயிற்று.

திங்கட்கிழமை முதலாளி சாவியைக் கொடுத்தார். பக்கத்து இருக்கையில் அந்தத் தம்பி. இப்போது நண்பர்கள் வீட்டு விருந்து என்றால் மறுநாள் வேலை எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் தம்ளரைத் தொடுகிறேன். காலை வேலை இருந்தால் தொடுவதே இல்லை. தம்பியிடமும் அந்த 138 கிராம் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். மடித்து வேனின் சன்வைசரில் செருகிவைத்திருக்கிறான்.

2பி இன்னும் பாக்கி. பிடிடி பாஸ் இரண்டு வருஷம் செல்லும் என்பதால் அதைத் திரும்ப எழுத வேண்டியதில்லை, நேராக மோட்டார்சைக்கிள் கோட்பாட்டுத் தேர்வான ஆர்டிடிக்குப் போகலாம். ஜனவரியில் இடம் கிடைத்திருக்கிறது.