எங்க ஊர் சத்தம் மெஷினுக்குக் கோபமாம்

நெல்லை வண்ணாரப்பேட்டையில் ஒரு கஸ்டமர் கேர் அலுவலகத்தில் எனக்கு வேலை. முன்பெல்லாம் மாதத்துக்கு நாலைந்து அழைப்புகளைத்தான் டீம் லீடர் கேட்டு மார்க் போடுவார். இப்போது ஏஐ எல்லா அழைப்பையும் கேட்கிறது, பேச்சை எழுத்தாக மாற்றி, எத்தனை விநாடி மௌனம், குரல் எவ்வளவு ஏறியது என்று பார்த்து மதிப்பெண் போட்டுவிடுகிறது.

போன வாரம் வீரவநல்லூரிலிருந்து ஒரு அண்ணாச்சி கூப்பிட்டார். நெல்லைக்காரர்கள் இரண்டு பேர் பேசினாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும், இதில் அவருக்குக் காது வேறு மந்தம், நான் "சொல்லுங்க அண்ணாச்சி, கேக்குது" என்று சத்தமாகச் சொன்னதற்கு 'கோபம்' என்று சிவப்புப் புள்ளி. அவர் சிரித்துக்கொண்டுதான் போனை வைத்தார்!

அப்புறம் என்ன, எல்லோரும் மெஷினுக்காகவே பேச ஆரம்பித்துவிட்டோம். மௌனம் விழக் கூடாதென்று கூப்பிடுகிறவர்களை யோசிக்கவே விடாமல் "கண்டிப்பா சார், புரியுது சார்" என்று நிரப்புகிறோம். பக்கத்து சீட் அக்கா வீட்டிலும் அப்படியே பேசுகிறாராம். ஐரோப்பிய ஒன்றியத்தில், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, வேலையிடத்தில் ஊழியரின் உணர்ச்சியை ஏஐ வைத்துக் கணிப்பதற்கே 2025 பிப்ரவரி 2 முதல் தடை. நான் இங்கே அந்தச் சிவப்புப் புள்ளிக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.